நிக்கல் முலாம் பிஸ்டலுக்கு ரெட் டாட்: கணபதி பட்டறையில் செய்த வேலை எப்படி?

பிஸ்டலில் குறிபார்க்கிற முன் சைட் மங்கலாகத் தெரிய ஆரம்பித்து எனக்கு நாலு வருடம் ஆகிறது. வயது 54. சோமனூரில் பன்னிரண்டு தறி ஓட்டுகிறேன். கையை நீட்டிப் பிடித்தால் பிஸ்டல் நுனியில் இருக்கும் அந்தச் சின்னப் பட்டை, பஞ்சு ஒட்டியது மாதிரி ஆகிவிட்டது. படிக்கிற கண்ணாடி போட்டால் பட்டை தெளிகிறது, டார்கெட் கரைந்து போகிறது. கழற்றினால் டார்கெட் வருகிறது, பட்டை போய்விடுகிறது. ஐம்பது தாண்டியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

எனக்காக மட்டும் என்றால் விட்டிருப்பேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதை டிவியில் பார்த்த நாளில் இருந்து அவளுக்கு அதுதான் நினைப்பு. வாரம் இரண்டு நாள் கோயமுத்தூரில் பயிற்சி. மற்ற நாட்களில் தோட்டத்துச் சாளைக்குப் பின்னால், மோட்டார் ரூம் சுவரை ஒட்டி மணல் மூட்டை அடுக்கி, 10 மீட்டர் டேப் பிடித்து அளந்து வைத்த இடத்தில் பயிற்சி. தனியாக நின்று சுட்டால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். பக்கத்தில் ஒருத்தர் நின்று சுட்டால் ஒரு மணி நேரம் நிற்பாள். அதற்காகத்தான் எனக்கு ரெட் டாட், அதாவது கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி காட்டும் சைட், தேவைப்பட்டது. சிவப்புப் புள்ளியும் டார்கெட்டும் ஒரே தூரத்தில் தெரிவதால் கண் ஒரு இடத்தைப் பார்த்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டிக்குப் போகிற பிள்ளைகளின் பிஸ்டலில் இதை மாட்டாதீர்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் லென்ஸ் இல்லாத திறந்த சைட்டுக்கு மட்டும்தான் அனுமதி, ரெட் டாட் கூடாது. நான் மாட்டியது என்னுடைய சொந்தப் பிஸ்டலில். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பில்லோடு வாங்கியது. 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு கேஸ் குப்பியில் ஓடுவது, எட்டு குண்டு வட்டு, உடம்பு முழுக்க நிக்கல் முலாம். நம் நாட்டில் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத பேரல் துளையும் 20 ஜூலுக்குள் சக்தியும் இருக்கிற ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. என்னுடையது 4 ஜூலைக்கூடத் தொடாது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேத் பட்டறைப் பக்கம் போகாதீர்கள். அதைத் தொட உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரருக்கு மட்டும்தான் அதிகாரம் உண்டு.

நிக்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கும். குரோமில் லேசாக நீலம் அடிக்கும், கண்ணாடி மாதிரி குளிர்ந்து கிடக்கும். நிக்கலில் ஒரு மெல்லிய மஞ்சள் சாயல் உண்டு, பழைய வெள்ளிச் செம்பு மாதிரி. பன்னிரண்டு வருடம் எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். அதனால்தான் முதலில் போன இடத்தில் நடந்தது இன்னும் மனசில் நிற்கிறது.

அந்த இடம் எது என்று சொல்லப்போவதில்லை. உள்ளே போனதும் பிஸ்டலை வாங்கினார், இறுக்கிப் பிடிக்கிற வைஸில் வைத்தார், ஒரு சுற்று முறுக்கினார். தாடைக்கு நடுவில் ஒரு துணிகூட வைக்கவில்லை. "நாலு மில்லி ஓட்டை ரெண்டு போட்டு மரை போட்டுத் தந்துடறனுங்க, அரை மணி நேரம்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வருவதற்குள் விசையைச் சுற்றி இருக்கிற டிரிக்கர் கார்டின் அடியில் அரிசி நொய் அளவுக்கு முலாம் பெயர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. அப்புறம் ஆறு மாதம் பிஸ்டலைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

கோயமுத்தூர் கணபதியில் இருக்கிற பட்டறைக்குப் போகச் சொன்னது எங்கள் தறிக்கு ஷாஃப்ட் வேலை செய்து தருகிறவர். சத்தி ரோட்டில் இருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் இருக்கிறது. பலகை கிடையாது. ஒரு லேத், ஒரு மில்லிங், ஒரு பெஞ்ச் டிரில், சுவர் முழுக்க ஜிக், அதாவது டிரில் விலகாமல் வழிகாட்டும் அச்சுகள். நடத்துகிறவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மில் டூல் ரூமில் முப்பது வருடம் இருந்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன்.

போனதும் முதலில் பில்லைக் கேட்டார். ஏர் பிஸ்டல்தானா என்று எழுத்தைப் படித்துப் பார்த்து, வட்டை வெளியே எடுக்கச் சொல்லி, கேஸ் குப்பி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கையில் வாங்கினார். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து மேசையில் விரித்து அதன் மேல் வைத்தார். சித்தெ நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் காந்தம் எடுத்து வைத்துப் பார்த்தார். காந்தம் லேசாக இழுத்தது, ஆனால் பிடித்து நிற்கவில்லை.

"மேல இருக்கற நிக்கல்தானுங்க இழுக்குது. உள்ள இரும்பு இல்லீங்க."

கைப்பிடிப் பலகையைக் கழற்றி, அதற்கு உள்ளே வெளியில் தெரியாத ஒரு மூலையில் சின்ன ஊசி அரத்தால் இரண்டே இரண்டு இழுப்பு இழுத்தார். லென்ஸை என் கையில் கொடுத்தார். முதலில் வெள்ளையாக ஒரு கோடு, அதற்குக் கீழே நூல் அளவுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு கோடு, அதற்கும் கீழே மங்கிய சாம்பல். வெள்ளை நிக்கல், ரோஸ் செம்பு, சாம்பல் துத்தநாக வார்ப்பு. நிக்கல் தொட்டியில் இருக்கிற அமிலம் துத்தநாகத்தைத் தின்றுவிடும் என்பதால் முதலில் செம்பு ஏற்றி அதற்கு மேல்தான் நிக்கல் ஏற்றுவார்களாம். பன்னிரண்டு வருடமாக நான் துடைத்துக்கொண்டு இருந்தது என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இது தெரியாமல் ஓட்டை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவரே விளக்கினார். துத்தநாக வார்ப்பில் நேரடியாக மரை போட்டால் நாலு தடவை கழற்றி மாட்டியதும் மரை மாவாகிவிடும். டிரில் வெளியே வரும் பக்கம் முலாம் செதில் செதிலாக எழும்பும். எழும்பின ஓரத்தில் கை வியர்வை இறங்கினால் வெள்ளையாகப் பூத்து, அந்தப் பூப்பு முலாமை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே போகும். என் டிரிக்கர் கார்டில் பெயர்ந்த இடத்தைக் காட்டினேன். அதில் ஏற்கெனவே லேசாக வெள்ளை பூத்திருந்தது.

அப்படியானால் ஓட்டையே வேண்டாமே, கவ்விப் பிடிக்கிற மாதிரி செய்யலாமே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் இந்த மதிப்பீட்டில் முக்கியமான விஷயம். நிக்கல் வழுக்கும். கவ்வினது நாள்பட நகரும். ரெட் டாட் உட்காரும் அடிப்பகுதி 40 மில்லி நீளம் என்று வையுங்கள். அதன் ஒரு முனை 0.1 மில்லி நகர்ந்தால், 10 மீட்டரில் குண்டு 25 மில்லி தள்ளி விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிதான். மூவாயிரம் ரூபாய் சைட்டோ முப்பதாயிரம் ரூபாய் சைட்டோ, அடியில் இருக்கிற பிடிமானம் ஒரு தாள் கனம் அசைந்தால் இரண்டும் ஒன்றுதான். கடையில் எல்லோரும் சைட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள், பிடிமானத்தைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. நானும் அதுவரை பேசியதில்லை.

கடைசியில் அவர் முடிவு செய்தது இரண்டும் கலந்த வழி. டிரிக்கர் கார்டின் முன் வளைவைக் கவ்வும் ஒரு பிடி. அதற்கு முன்னால், பேரலுக்குக் கீழே இருக்கிற ஃபிரேம் பகுதியில் இரண்டு ஊடுதுளை. இடப்பக்கம் அலுமினிய பிராக்கெட், வலப்பக்கம் 3 மில்லி ஸ்டெயின்லெஸ் பட்டை. மரை அந்தப் பட்டையில்தான், துத்தநாகத்தில் ஒரு சுற்றுகூட இல்லை. பிராக்கெட் இடப்பக்கமாக மேலே ஏறி, பிஸ்டலின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடுக்கு மேல் கூரை மாதிரி மடங்கும். அந்தக் கூரையின் மேல் சைட் மாட்டும் 20 மில்லி ரெயில், அதில் ரெட் டாட். வட்டு போடுவதற்கு ஸ்லைடின் முன்பகுதி முன்னால் நகர வேண்டும். பிராக்கெட் ஃபிரேமில் நிற்பதால் ஸ்லைடு அதன் அடியில் தடையில்லாமல் போய் வருகிறது. வட்டு போடுவது வலப்பக்கத்தில் இருந்து, அங்கே ஒன்றும் மறைக்கவில்லை.

அளவு எடுத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். மேசை டிராயரில் இருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். கெட்டி அட்டை. அதைப் பிஸ்டலோடு ஒட்டி வைத்து, பென்சிலால் கோடு இழுத்து, கத்தரியால் வெட்டி, மறுபடி வைத்து, மறுபடி வெட்டி, நாலாவது அட்டை சரியாக உட்கார்ந்தது. ஃபிரேமுக்குள் ஸ்பிரிங் எங்கே ஓடுகிறது என்று பார்க்க முன்பக்கத்தில் இருந்து மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, எங்கே முட்டுகிறது என்று வெர்னியரில் குறித்துக்கொண்டார். ஸ்பிரிங் குழிக்குக் கீழே 7 மில்லி கெட்டியாக இருந்தது. அதனால்தான் எம்4 (4 மில்லி) போல்ட் வேண்டாம், எம்3 போதும், 3.2 மில்லி துளை என்று முடிவு செய்தார். அன்றைக்கு டிரில்லைத் தொடவே இல்லை. "பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார்.

பத்து நாள் மூன்று வாரம் ஆனது. இது ஒரு குறைதான். நாலு தடவை போன் செய்தேன், லேத் சத்தத்தில் மூன்று தடவை எடுக்கவில்லை. நேரில் போனால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார், ஆனால் சோமனூரில் இருந்து கணபதிக்குப் போய்வர அரை நாள் ஓடிவிடுகிறது. அவசரம் என்றால் இந்த இடம் ஒத்துவராது.

துளை போட்ட அன்று கூடவே இருந்தேன். பிராக்கெட் அதற்குள் தயார். முதலில் பிஸ்டலின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டினார். வைஸ் தாடைக்கு ஹைலம் (பிசின் ஏற்றிய கெட்டித் தகடு) துண்டு இரண்டு, அதற்கு மேல் தோல். டிரில் வெளியே வரும் பக்கத்தில் இன்னொரு ஹைலம் துண்டை இறுக்கமாக அணைத்து வைத்தார், முலாம் எழும்ப இடமே இல்லாதபடி. துளை போடும் இடத்துக்கு மேல், கடினப்படுத்திய ஸ்டீல் புஷ் (குழல்) வைத்த ஜிக். டிரில் பிட் புத்தம் புதியது, உறையை என் முன்னால்தான் பிரித்தார். முதலில் சென்டர் டிரில்லால் முலாமை மட்டும் உடைத்தார். எண்ணெய் ஒரு சொட்டு. கைப்பிடியை அழுத்தவில்லை, அதன் எடையிலேயே இறங்கவிட்டார். முதலில் வந்தது கண்ணாடித் தூள் மாதிரி மினுமினுப்பு, அடுத்து ஒரே ஒரு ரோஸ் சுருள், நகக்கண் அளவு. அதற்கு அப்புறம் சாம்பல் துகள் சரசரவென்று கொட்டியது. அந்த ரோஸ் சுருளை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். பர்ஸில் வைத்திருக்கிறேன்.

இரண்டு துளைக்கும் நாற்பது நிமிடம் எடுத்தது. டேப்பை உரித்தபோது நான் மூச்சு விடவில்லை. ஒரு செதில்கூட இல்லை. துளை வாயைக் கவுண்டர்சிங்க் பிட் வைத்து விரலாலேயே திருகி லேசாகச் சாய்த்துவிட்டார். வெட்டப்பட்ட துத்தநாகத்துக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட். டிரிக்கர் கார்டில் முதலில் போன பட்டறையில் முலாம் பெயர்ந்த காயத்தையும், பூத்ததைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கேட்காமலே அதே பாலிஷால் மூடிக் கொடுத்தார்.

பிராக்கெட்டுக்கும் நிக்கலுக்கும் நடுவில் அரை மில்லி நைலான் ஷீட். அலுமினியமும் நிக்கலும் நேராக ஒட்டி, நடுவில் வியர்வையும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும் என்பதற்காக. முலாமில் கீறல் விழாமலும் இருக்கும். போல்ட் ஸ்டெயின்லெஸ், மரை தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை, ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினார். கடைசியில் போல்ட் தலையில் இருந்து பிராக்கெட் வரைக்கும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு. கோடு உடைந்து தெரிந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். "துத்தநாகம் அழுத்தத்துல மெதுவா அமுங்குமுங்க. ஒரு மாசம் கழிச்சு ஒருக்கா பாத்து இறுக்கோணும்" என்று சொல்லி அனுப்பினார்.

பிராக்கெட்டில் இரண்டு குறை உண்டு. கறுப்பு அனோடைசிங் (அலுமினியத்துக்குத் தொட்டியில் ஏற்றும் நிறப் பூச்சு) வெளியே கொடுத்துச் செய்தது. தொட்டியில் தொங்கவிட மாட்டிப் பிடித்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கிறது. அடிப்பக்கம் என்பதால் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும். இன்னொன்று, பிராக்கெட்டின் பின் ஓரம் கூராக இருந்து கட்டை விரலை அறுத்தது. அடுத்த வாரம் கொண்டுபோனேன், அரம் போட்டு உருட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. உருட்டிய இடத்தில் இப்போது அலுமினிய வெள்ளை தெரிகிறது. பழைய பெட்டிக்குள் பிஸ்டல் இனி போகாது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டும் சைட்டும் சேர்ந்து 205 கிராம் கூடியிருக்கிறது. முதல் வாரம் மணிக்கட்டு வலித்தது.

சைட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 3,200 ரூபாய் விலையில் ஒரு குழாய் வடிவ ரெட் டாட். சிஆர்2032 பேட்டரி. புள்ளி 3 எம்.ஓ.ஏ. (கோண அளவு), அதாவது 10 மீட்டரில் கிட்டத்தட்ட 9 மில்லி. பத்து வட்டத்துக்குள் அடங்குகிற அளவு. இதைவிடப் பெரிய புள்ளி காகித டார்கெட்டுக்கு வேண்டாம். வெளிச்சம் பதினொரு படி இருக்கிறது, ஆனால் மோட்டார் ரூம் நிழலில் முதல் படியே அதிகம். எனக்குக் கண்ணில் சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சமமில்லாத குறை) உண்டு. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் புள்ளி மிளகாய் விதை மாதிரி வாலோடு தெரிந்தது. சைட் பழுது என்று நினைத்தேன். மகள் போன் கேமராவைக் குழாய்க்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக் காட்டினாள், படத்தில் சுத்த வட்டம். சிலிண்டர் பவர் போட்ட கண்ணாடியோடு பார்த்தால் வட்டமாகத்தான் இருக்கிறது. கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். தலையை அசைத்தால் புள்ளி டார்கெட்டில் ஆறு மில்லி அளவுக்கு ஓடுகிறது. இந்த விலைக்கு இது எதிர்பார்த்ததுதான். ஒவ்வொரு தடவையும் புள்ளியைக் குழாயின் நடுவில் வைத்தே சுடுகிறேன்.

ஜீரோ செய்யும்போது, அதாவது புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைத் திருகி வைக்கும்போது, ஒன்று கற்றுக்கொண்டேன். காலை ஏழு மணிக்குச் சரியாக வைத்தால், மதியம் மூன்று மணிக்கு மேலே போய் விழுந்தது. இரண்டு நாள் பிராக்கெட்டைச் சந்தேகப்பட்டேன். சிவப்புக் கோடு உடையவில்லை. அப்புறம்தான் உறைத்தது, காரணம் கேஸ். குப்பிக்குள் 20 டிகிரியில் சுமார் 57 பார் அழுத்தம் இருக்கும், 30 டிகிரியில் 72 பார் வரை ஏறும். சித்திரை வெயிலில் குண்டு வேகமாகப் போகிறது. இப்போது காலை நேரத்துக்கு என்று ஜீரோ செய்து, காலையில் மட்டும் சுடுகிறேன். ஒரு குப்பியில் நாற்பது குண்டுக்கு மேல் எண்ணிக்கை எடுப்பதில்லை. பேரலுக்கு மேல் 48 மில்லி உயரத்தில் சைட் இருப்பதால் 5 மீட்டரில் சுட்டால் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே விழும். சைட் உயரம் ஏற ஏற இந்த வித்தியாசமும் கூடும்.

ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்த ஒரு மாதம் முழுக்கச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சொன்னபடி ஒரு மாதம் கழித்து ஆலன் கீ வைத்தபோது, இரண்டு போல்ட்டும் கால் சுற்றுக்கும் குறைவாக இறங்கின. அதற்குப் பிறகு கோடு உடையவில்லை. முன்பு எனக்கு எட்டு வட்டத்துக்குள் நிற்பதே பாடு. இப்போது பத்துக்கு ஆறு ஒன்பதுக்குள் வருகிறது. மகள் எப்போதாவது வாங்கிச் சுட்டுப் பார்க்கிறாள், டிரிக்கர் அழுத்தும் நொடியில் புள்ளி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்க்க. "அப்பா, நான் இடப்பக்கமா இழுக்கறேன், பாரு" என்று அவளே கண்டுபிடித்தாள். திறந்த சைட்டில் அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

பட்டறை வாங்கிய கூலி, பிராக்கெட், பட்டை, போல்ட், அனோடைசிங் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். நாலு அட்டை வெட்டி, தனியாக ஜிக் செய்து, புது பிட் போட்டுச் செய்த வேலைக்கு இது குறைவு என்றே சொல்வேன். கூட 200 கொடுத்தேன், வாங்கவில்லை.

போகிறவர்கள் வாங்கிய பில்லையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் பிஸ்டலைத் தொட மாட்டார். கேஸ் குப்பியைக் கழற்றி, குண்டு வட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, பூட்டிய பையில் கொண்டுபோங்கள். மாட்டப்போகிற சைட்டையும் கையோடு கொடுத்துவிட வேண்டும், அதன் அடி அளவு தெரியாமல் ரெயில் வெட்ட மாட்டார். காலை பத்தரைக்கு மேல் போனால் லேத் சத்தம் கொஞ்சம் ஓய்ந்திருக்கும், நின்று பேசுவார்.